தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவோம்!

(தாம்பரத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் மைக் பிடித்தால் சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு என்றுதான் பேசுவேன். இந்த மாதம் நம் தலைவி அக்கா, "அதெல்லாம் இருக்கட்டும். நீ சைக்கிள்ல திண்டிவனம் போய்ட்டு வந்த கதையைச் சொல்லு. எல்லாரும் கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் அதையே சொல்கிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு வேலையும் கேட்பேன். ஓடிவிடக் கூடாது!

முதலில் இது என்ன பயணம் என்று சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்று உலகம் முழுவதும் ஒரு முறை இருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் இதற்கு விதிகள் வகுத்திருக்கிறது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300 கிலோமீட்டருக்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நான்கையும் ஒரே ஆண்டில் முடித்தால் தனிப் பட்டமே உண்டு. நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா என்ற அமைப்பின் கீழ் பல ஊர்களில் இது நடக்கிறது. சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் என்று ஒரு குழு இருக்கிறது.

இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்று வரிசை போடுவதில்லை. குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். நம் பாஸ்புக் மாதிரி ஒரு அட்டை தருவார்கள். வழியில் குறிப்பிட்ட இடங்களுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்ததற்கு அதில் முத்திரை வாங்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் டீக்கடை பில்லோ, ஏடிஎம் சீட்டோ காட்ட வேண்டும். ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். பஞ்சர் ஆனால் நாமேதான் ஒட்ட வேண்டும். பின்னால் வேன் எல்லாம் வராது.

இதைவிடக் கடினமானது மலைப்பாதைப் போட்டி. அமெரிக்காவில் லெட்வில் என்ற ஊரில் 1994 முதல் நடக்கிறது. தூரம் 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர். மலையில் கல்லும் மண்ணுமான பாதை. நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அந்தப் போட்டி தொடங்குகிற இடமே 3,000 மீட்டருக்கு மேலே! அங்கேயும் 12 மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் எல்லோருக்கும் மரியாதை உண்டு. இதையெல்லாம் கேள்விப்பட்டுத்தான் எனக்கும் ஆசை வந்தது. மலைக்குப் போக வசதி இல்லை. ஆனால் வீட்டு வாசலில் ஜி.எஸ்.டி. ரோடு இருக்கிறதே!

ஆசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் பலரும் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்க அதுதான் வசதி என்று பிறகு அதையே விரும்பியவர்களும் உண்டு. அப்படிக் கம்பியில் உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. என் அம்மா அந்த சைக்கிளில்தான் தண்ணீர் கொண்டுவந்தார், என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். ஊரில் பேசாத பேச்சில்லை. அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன வருடம் மார்ச் மாதம் முதல்முறை 200 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தேன். என்னிடம் இருந்தது கூட வேலை செய்கிறவர் மகனுடைய மலை சைக்கிள். முரட்டு டயர். மண் ரோட்டில் நன்றாகப் பிடிக்கும். தார் ரோட்டில் இழுவைதான்! நான்கு மாதம் பயிற்சி எடுத்தேன். வார நாட்களில் முடிச்சூரிலிருந்து உங்கள் கிராமங்களுக்கு சைக்கிளில் வந்தது அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம் என்று 40, 60, 80 கிலோமீட்டர் வரை ஓட்டினேன்.

அன்று காலை 5 மணிக்குத் தாம்பரத்தில் புறப்பட்டோம். இருட்டு. வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி செங்கல்பட்டுக்கு அப்புறம் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது நன்றாக விடிந்திருந்தது. மனசு பஞ்சு மாதிரி இருந்தது. மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம் எல்லாம் கடந்து 11.25-க்குத் திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன். 100-வது கிலோமீட்டர். 11.40-க்குள் முத்திரை வாங்கியாக வேண்டும். பதினைந்து நிமிடம் மிச்சம். "அவ்வளவுதான், பாதி முடிஞ்சுது" என்று சந்தோஷப்பட்டேன்.

திரும்பும்போதுதான் வினை. உச்சி வெயில். அச்சிறுபாக்கம் வரும் முன்பே இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. தலை சுற்றியது. வாந்தி வருகிற மாதிரி இருந்தது. மேல்மருவத்தூர் அருகே ஒரு டீக்கடை பெஞ்சில் சாய்ந்தவள்தான், எழ முடியவில்லை. அதுவரை ஓட்டியது 130 கிலோமீட்டர். கடைக்காரர் பிடித்துக்கொடுத்த குட்டியானையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

"டயர் சரியில்லை, வெயில் அதிகம்" என்று எல்லோரிடமும் சொன்னேன். டயரும் ஒரு காரணம்தான். ஆனால் உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். காலை நாலரை மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை நான் குடித்தது மொத்தமே ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்! அதுவும் வாய் நனைக்கிற மாதிரி. ஏன் குடிக்கவில்லை? கூட வந்த ஆண்கள் ரோட்டோரம் நிறுத்தி ஒதுங்கிவிட்டு வந்தார்கள். நான் எங்கே போவேன்? போகவே வேண்டாம் என்றால் குடிக்காமல் இருப்பதுதான் வழி என்று நினைத்தேன். யோசித்துக்கூடச் செய்யவில்லை, சகோதரிகளே. சின்ன வயதிலிருந்து பழகிப்போன பழக்கம்.

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். படப்பைப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா நேராகக் கேட்டுவிட்டார்: "ஏம்மா, ஒண்ணுக்குப் போக இடமில்லன்னுதானே தண்ணி குடிக்காம ஓட்டுன?" எனக்குப் பதில் வரவில்லை. கூட்டத்தில் ஒரு சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்று ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

"கம்பெனி வேலைக்குக் காலைல ஏழு மணிக்குப் போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணியே குடிப்பேன்."

"சித்தாள் வேலைல எங்கக்கா பாத்ரூம்?"

"பூக்கடைல உக்காந்தா எழுந்திருக்க முடியாது. யாரு கடையைப் பாத்துப்பா?"

"எனக்கு நீர்க்கடுப்பு வந்து போன வருஷம் மூணு தடவை ஆஸ்பத்திரி போனேன். குழுக் கடன் வாங்கித்தான் வைத்தியம் பார்த்தேன்."

பதினைந்து பேர் இருந்த அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட, "நான் தாகத்துக்குக் குடிக்கிறேன்" என்று சொல்லவில்லை. நான் சமூகப்பணி படித்தவள். எத்தனையோ சுகாதாரப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. சைக்கிளிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? வியர்வையில் தண்ணீரும் உப்பும் வெளியே போகிறது. திரும்ப ஊற்றாவிட்டால் ரத்தம் சுண்டும், இதயம் வேகமாக அடிக்கும், தலை சுற்றும், தசை பிடித்துக்கொள்ளும். தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீரையும் அடக்கி வைத்தால் பையில் கிருமி பெருகும். அதுதான் நீர்க்கடுப்பு, காய்ச்சல். நாள்பட்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. கல் உண்டாகவும் இதுவே வழி. பெட்டக்ஸனுக்கு வெட்கப்பட்டு சிறுநீரகத்தைப் பறிகொடுக்கலாமா?

மறுபடி பெயர் கொடுத்தேன். இந்த வருடம் ஜனவரி மாதம். இந்த முறை வழுவழுப்பான மெல்லிய டயர் மாற்றினேன். சீட்டை உயர்த்தினேன். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீள வேண்டும். நம்மில் பலர் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டித்தான் முட்டி வலி வாங்கிக்கொள்கிறோம்.

ஒரு திட்டமும் போட்டேன். 25 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், 10 நிமிடம். அதற்கு மேல் இல்லை. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். தாகம் எடுக்கும் முன்பே குடிப்பது, பசிக்கும் முன்பே சாப்பிடுவது. பையில் இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய். ஒரு பாட்டிலில் உப்பு சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஸ்பூனில் தலைதட்டி அளக்க வேண்டும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுப்போமே, அதேதான்.

கழிப்பறை? ஒரு வாரம் முன்பே பஸ்ஸில் திண்டிவனம் வரை போய், எங்கெங்கே பெட்ரோல் பங்க் இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். பெட்ரோல் பங்க்கில் கழிப்பறையும் குடிதண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வைத்திருக்கும் விதி.  இரண்டு இடத்தில் பூட்டியிருந்தது. "அண்ணே, சாவி கொடுங்க" என்று கேட்டேன். ஒருவர் உடனே கொடுத்தார். இன்னொருவர் முறைத்துவிட்டுக் கொடுத்தார். முறைத்தால் என்ன, சாவி வந்ததா இல்லையா?

திண்டிவனத்தில் முத்திரை வாங்கியபோது மணி 11.05. திரும்பும்போதும் காற்று எதிர்த்துத்தான் அடித்தது. செங்கல்பட்டு வந்தபோது உடம்பெல்லாம் வலி. ஆனால் தலை தெளிவாக இருந்தது. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைக் கடக்கும்போது விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். தாம்பரத்தில் மாலை 6.05-க்கு அட்டையைக் கொடுத்தேன். 13 மணி 5 நிமிடம். கெடு முடிய 25 நிமிடம் இருந்தது. எனக்குப் பின்னால் நான்கு பேர்தான் வந்தார்கள். அதைப் பற்றிக் கவலையே இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "முடிச்சுட்டியா? சரி, முதல்ல சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்!

சகோதரிகளே, உங்களை எல்லாம் 200 கிலோமீட்டர் ஓட்டச் சொல்லவில்லை. நான் கேட்கும் வேலை மூன்று.

ஒன்று: அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் தரும் இலவச சைக்கிள் நம் வீடுகளில் எத்தனை துருப்பிடித்துக் கிடக்கிறது? பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறோம். போடாதீர்கள். டயர், டியூப் மாற்றி எடுத்து வாருங்கள். வருகிற ஞாயிறு முதல் காலை 6 மணிக்குப் பயிற்சி. இடத்தை உங்கள் ஊக்குநர் சொல்வார். ஐம்பது வயதானவர்களும் வரலாம். நான் பிடித்துக்கொள்கிறேன்.

இரண்டு: அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "வேலைக்குப் போன இடத்தில் நேற்று எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தீர்கள்? ஏன்?" பதிலை அப்படியே தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

மூன்று: எந்தெந்த வேலையிடத்தில், சந்தையில், பஸ் நிறுத்தத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, அல்லது இருந்தும் பூட்டிக் கிடக்கிறது என்று பட்டியல் எடுப்போம். ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையில் கொடுப்போம். மாநகராட்சிப் பகுதி என்றால் வார்டு கவுன்சிலரிடம் கொடுப்போம். ஒருத்தி கேட்டால் முறைப்பார்கள். ஒரு கூட்டமைப்பே போய்க் கேட்டால் சாவி தானாக வரும்.

அடுத்து 300 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 20 மணி நேரம். ராத்திரியிலும் ஓட்ட வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவேன். இந்த வெயிலில் வேலைக்குப் புறப்படும் நீங்களும் அப்படியே புறப்படுங்கள்.

இப்போது எல்லோரும் எழுந்து பின்பக்கம் இருக்கும் பானையில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். இந்தக் கட்டடத்தில் கழிப்பறை இடது பக்கம், திறந்துதான் இருக்கிறது. பிறகு வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம்.