டி.வி.யில் நெட் வரலையா? பதறாதீங்க!
(மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நம்ம உறுப்பினர் ஒருவர் வீட்டு ஸ்மார்ட் டி.வி.யில் வைஃபை சேரவில்லை. மெக்கானிக் வந்தார், சுவிட்சை அணைத்துப் போட்டார், 500 ரூபாய் வாங்கிப் போனார்! இதை நாமே செய்யலாம்தானே?

முதலில் செல்போனை அதே வைஃபையில் சேர்த்துப் பார்ப்போம். போனிலும் நெட் வரலைன்னா, கோளாறு டி.வி.யில் இல்லை. இணைப்பு கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும்.

போனில் வருகிறதா? டி.வி., வைஃபை பெட்டி இரண்டையும் சுவிட்சில் அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுவோம்.

அப்புறமும் வரலையா? டி.வி. செட்டிங்ஸில் பழைய இணைப்பை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாகப் போடுவோம். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் சேராது. இரண்டு பெயர் தெரிந்தால், ‘5ஜி’ என்று முடியாததைத் தொடுவோம். அது சுவர் தாண்டியும் நன்றாக வரும், பழைய டி.வி.யிலும் சேரும்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. ‘கஸ்டமர் கேர்’ என்று நெட்டில் கிடைக்கும் நம்பரை நம்ப வேண்டாம். பில்லில் உள்ள நம்பருக்கே பேசுவோம். ஓ.டி.பி. யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் போனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கற்றதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுவோம்.