பாறையைத் தூக்கும் தண்ணீர்

ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் தொடர்ந்து சுட்டால் மீட்டரில் ஒரு யூனிட் ஏறும். அந்த ஒரு யூனிட்டை எடையில் சேமிக்க நினைத்தால், ஒரு டன் பாரத்தை ஏறக்குறைய 367 மீட்டர் தூக்கி நிறுத்த வேண்டும். ஒரே ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு பாடு! ஆகவே இந்த வழியில் சேமிக்க வேண்டுமானால் பாரம் மலையளவு இருக்க வேண்டும்.

ஜெர்மானிய இயற்பியலாளர் எட்வார்ட் ஹைண்டல் மலையையே தூக்கலாம் என்கிறார். தரைக்கடியில் கெட்டியான பாறையைச் சுற்றிலும் அடியிலும் அறுத்து, பெரிய உருளையாகப் பிரித்துவிடுவது. வெயில் காயும் மதியம், சூரிய மின்சாரம் மிஞ்சும்போது, பம்பு வைத்து அதன் அடியில் தண்ணீரைச் செலுத்துவது. வாட்டர் சர்வீஸ் கடையில் கார் எழும்புவதுபோல் பாறை எழும்பும். இரவில் வால்வைத் திறந்தால் பாறை தன் பாரத்தால் தண்ணீரை வெளியே தள்ளும். அந்த வேகத்தில் டர்பைன் சுழலும்.

இதில் எனக்குப் பிடித்தது கணக்குதான். உருளையின் அகலத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். தூக்கும் உயரத்தையும் இரட்டிக்கலாம் என்பதால் சேமிப்பு 16 மடங்கு. அறுக்க வேண்டிய பரப்போ நான்கு மடங்குதான். பெரிதாகக் கட்டக் கட்ட யூனிட்டுக்கான செலவு குறையும்.

சிக்கல் ஓரத்தில் இருக்கிறது. 250 மீட்டர் உயரப் பாறையைத் தாங்கும் தண்ணீர், சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் அறுபது மடங்குக்கு மேல் அழுத்தும். பாறைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் அது பீறிட்டு வெளியேறாமல் தடுக்க வேண்டும். அந்த அடைப்பு பாறையோடு ஏறி இறங்கவும் வேண்டும். அத்தனை பெரிய பாறையை இதுவரை யாரும் தூக்கிக் காட்டவில்லை.

பாறையை அசைக்காமல் தண்ணீரை மட்டும் ஏற்றி இறக்கும் பழைய முறை நம்மிடமே இருக்கிறது. ஆனைமலையில், காடம்பாறை மின்நிலையம் மலைக்குள் குடைந்த குகையில் இயங்குகிறது. கீழே ‘மேல் ஆழியாறு’ அணை, மேலே காடம்பாறை அணை. நூறு மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. மின்சாரம் மிஞ்சும்போது அவையே தண்ணீரை மேலேற்றும், தட்டுப்பாடு வரும்போது அவையே மின்சாரம் தரும். இத்தகைய நிலையங்களில் நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்து, எண்பது யூனிட் திரும்பக் கிடைக்கும். ஹைண்டலின் பாறை எழும்பும் நாள் வரட்டும். அதுவரை, இருக்கிற மலைகளில் இன்னும் சில காடம்பாறைகளைக் கட்டுவதே புத்திசாலித்தனம்.