வெண்மணியை வரைவது குறித்து



டிசம்பர் 25 வெண்மணி நாள் கூட்டத்துக்கு ஓவியம் வைக்கணும்னு போன வாரம் முடிவு பண்ணினோம். நான் ஓவியன் இல்லை. பேங்க்ல குமாஸ்தா, ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். ஆனால் ஜேக்கப் லாரன்ஸ் பாணியில் செய்யலாம் என்று முன்மொழிந்தவன் நான்தான். அந்தப் பாணி என்றால் என்ன என்று விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

லாரன்ஸ் 1917இல் பிறந்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர். தெற்கின் பருத்திக் காடுகளையும் வெள்ளையரின் வன்முறையையும் உதறிவிட்டு லட்சக்கணக்கான கறுப்பர்கள் வடக்கே ரயிலேறினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய அந்த இடப்பெயர்வை 1940-41இல் 60 சிறிய பலகைகளில் தீட்டினார். அப்போது வயது 23. அவருடைய பெற்றோரே அப்படி வந்தவர்கள்தாம்.

பாணி என்றதும் தட்டையான நிறம், கூரான கோணங்கள், முக விவரமில்லாத உருவங்கள் என்று காப்பியடிக்கக் கை பரபரக்கும். அது மேல்தோல். அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்க. முதலில் ஹார்லெம் 135ஆம் தெரு நூலகத்தின் ஷொம்பர்க் தொகுப்பில் உட்கார்ந்து படித்தார். அப்புறம் ஒவ்வொரு பலகைக்கும் வாசகம் எழுதினார். க்வெண்டலின் நைட் என்ற ஓவியர், 1941இல் அவரை மணந்தவர், வாசகங்களிலும் பலகைக்கு வெள்ளைப் பூச்சு போடுவதிலும் கூட உழைத்தார். பிறகு 60 பலகைகளையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு நிறத்தை எடுத்தால், அது வரவேண்டிய எல்லாப் பலகையிலும் பூசிவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போனார். பழைய பேரேட்டில் எல்லாக் கணக்குக்கும் வட்டியை மட்டும் முதலில் போட்டு முடிக்கிற மாதிரி. அதனால்தான் 60ம் ஒரே மூச்சில் பேசுகிறது. பிற்பாடு ஒற்றைப்படை எண்களை வாஷிங்டன் பிலிப்ஸ் தொகுப்பும், இரட்டைப்படை எண்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் வாங்கிக்கொண்டன. பாகப்பிரிவினை!

நமக்கு முக்கியம் 15ஆம் பலகை. கும்பல் கூடித் தூக்கிலிடும் கொலைகளைப் பற்றியது. மொட்டைக் கிளை ஒன்று, அதில் சுருக்குக் கயிறு, கீழே முதுகு கூனி உட்கார்ந்த ஒரு ஆள். தொங்கும் உடல் இல்லை. அந்தக் காலத்தில் வெள்ளையர்கள் தொங்கும் உடல்களைப் படமெடுத்துத் தபால் அட்டையாக விற்றார்கள். கொலைகாரன் எடுத்த படத்தைத் தானும் எடுக்க மறுத்தார் லாரன்ஸ் என்றே நான் வாசிக்கிறேன்.

நம் மாணவத் தோழர் கொண்டுவந்த வரைவில் தீயும் கருகிய உடல்களும் குழந்தையின் கையும் இருந்தன. அவருடைய கோபம் உண்மையானது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்திரிகைக்காரன் நம்மைப் பிணமாகத்தான் அச்சடிக்கிறான். நாமும் அதையே பெரிசாக்கித் தொங்கவிடணுமா? முன்வரிசையில் உட்காரும் கிழவிகளுக்கு அவரவர் ஊரில் எரிந்த குடிசை ஒன்று நினைவில் இருக்கும்.

இதற்கு ஒரு தோழி கேட்டார்: "அண்ணே, உடம்பைக் காட்டலன்னா நடக்கவே இல்லன்னு சொல்லிடுவானுங்களே?" லேசான கேள்வி இல்லை. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்த வழக்கு இது. அமெரிக்காவிலேயே மறுபக்கமும் உண்டு. 1955இல் எம்மட் டில் என்ற 14 வயதுப் பையனைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அவன் தாய் சவப்பெட்டியை மூடவிடவில்லை. ஊரே பார்க்கட்டும் என்றாள். 'ஜெட்' இதழ் அந்த முகத்தை அச்சிட்டது. அங்கே காட்டுவது என்று முடிவெடுத்தவள் பெற்றவள். ஆகவே காட்டலாமா கூடாதா என்று இந்த அறைக்குள் உட்கார்ந்து நாம் தீர்மானிக்க முடியாது. வெண்மணிக்குப் போய் அந்தக் குடும்பங்களைக் கேட்கணும். அவர்கள் காட்டச் சொன்னால் என் வாதத்தை நான் விட்டுவிடுகிறேன்.

அதுவரை என் திட்டம் இது. எட்டு பலகைகள், பிளைவுட். நெல் அளக்கும் மரக்கால், ஏற்றிய கொடி, தெருவில் நுழையும் ஆட்களின் நிழல், சாத்திய கதவு, விடிந்த பிறகு சாம்பல், நீதிமன்றப் படிக்கட்டு, இன்றைய வயல். எட்டாவதில் படமே வேண்டாம், 44 பெயர்கள் மட்டும். நிறம் நாலு: கறுப்பு, செங்கல் சிவப்பு, நெல் மஞ்சள், நீலம். லாரன்ஸ் பயன்படுத்திய கேசின் டெம்பராவுக்கு எங்கே போறது? வெள்ளை டிஸ்டம்பர் அடித்து, மேலே போஸ்டர் கலர் போதும்.

வாசகம்தான் கஷ்டம். கூலி உயர்வுப் போராட்டம் என்று மட்டும் எழுதினால், எரிந்தது ஏன் சேரி என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. சாதி என்று மட்டும் எழுதினால் அந்த மரக்காலை எங்கே வைப்பது? இரண்டும் ஒரே வரியில் வரணும். கவிதை எழுதுகிற எனக்கே இதுவரை மூன்று வாசகம்தான் தேறியிருக்கிறது.

படிக்க முன்வருகிறவர்கள் இன்றைக்கே பெயர் கொடுங்க. வெண்மணிக்கு வருகிற ஞாயிறு காலை பஸ். தூரிகை வாங்குவதைத் திரும்பி வந்த பிறகு பார்த்துக்கலாம்.