வெற்றி பவனி



 

காரூன் தன் அலங்காரங்களுடன் மக்கள் முன் பவனி வந்த செய்தியைக் கஸஸ் அத்தியாயத்தில் ஓதி வருகிறோம். கண்டவர்களுள் ஒரு சாரார், நமக்கும் இத்தகைய வாழ்வு வாய்க்காதா என ஏங்கினர். கல்வி ஞானம் பெற்றோர் மட்டுமே ஏமாறவில்லை. பவனி நடத்துவோரின் நோக்கம் எக்காலத்திலும் இதுதான்: பார்ப்பவரின் உள்ளத்தைப் பிடிப்பது.

1939 செப்டம்பர் முதல் நாள் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. தலைநகர் வார்ஸா வாரக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. செப்டம்பர் 25 அன்று விமானங்கள் பகல் முழுவதும் குண்டு பொழிந்தன. குடிநீர் நின்றது, மின்சாரம் நின்றது. மாண்டு கிடந்த குதிரைகளின் இறைச்சியை மக்கள் தெருவிலேயே அறுத்தெடுத்தனர். செப்டம்பர் 28 அன்று நகரம் சரணடைந்தது.

அக்டோபர் 5 அன்று ஹிட்லர் அங்கு வந்தார். உயஸ்தோவ் சாலையில் மேடை அமைத்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கை நீட்டியவாறு தம் படையின் அணிவகுப்பை ஏற்றுக்கொண்டார். அந்நகர மக்கள் அவ்வீதியில் நிற்க அனுமதிக்கப்படவில்லை. வென்றவனை வரவேற்க ஊரார் ஒருவருமில்லாத ஊர்வலம்! அப்படியாயின் அது யாருக்காக? படப்பிடிப்பாளர்கள் அங்கிருந்தனர். ஜெர்மனியின் திரையரங்குகளில் அமர்ந்திருந்த குடும்பங்களுக்காகவே அது நடந்தது. இடிபாடுகளை மறந்து அணிவகுப்பை மட்டும் பார்த்து அவர்கள் பெருமிதம் கொள்ள வேண்டும்! சகோதரர்களே, நம் வீட்டுத் தொலைக்காட்சியில் பீரங்கிகள் அணிவகுக்கும்போது நாமும் நம் பிள்ளைகளும் எதைப் பார்த்து வியக்கிறோம்?

போர் அன்றும் முடியவில்லை. தென்கிழக்கே கோட்ஸ்க் என்ற ஊரருகே போலந்தின் இறுதிப் படை போரிட்டுக் கொண்டிருந்தது. மறுநாள்தான் அது சரணடைந்தது. நகருக்குள்ளேயும், அவர் கடக்கக்கூடும் எனக் கருதப்பட்ட நாற்சந்தியில் போலந்து வீரர்கள் வெடிமருந்தைப் புதைத்து வைத்திருந்தனர். அது வெடிக்கவில்லை. உலகை வென்றதாக எண்ணியவர் தம் காலடி மண்ணில் இருந்ததை அறியவில்லை.

அம்மண்ணைக் காக்கப் போரிட்டவர்களுள் நம் சகோதரர்களும் இருந்தனர் என்பதைப் பலர் அறியார். பல நூற்றாண்டுகளாகப் போலந்தில் வாழ்ந்து வரும் தாத்தாரிய முஸ்லிம்களுக்கெனக் குதிரைப்படைப் பிரிவொன்று அந்நாட்டு இராணுவத்தில் இருந்தது. 1939இல் அதுவும் களம் கண்டது.

அந்நகரின் யூதர்களை 1940 நவம்பரில் மதிலுக்குள் அடைத்தார்கள், இலட்சக்கணக்கானோரைக் கொன்றொழித்தார்கள். 1944 எழுச்சிக்குப் பின் நகரையே வீடு வீடாகத் தகர்த்தார்கள். 1945 ஏப்ரல் 30 அன்று, பெர்லினில் நிலத்தடி அறையொன்றில் ஹிட்லர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமளானில் மற்றொரு நகரம் வெல்லப்பட்டது. பத்தாயிரம் தோழர்களுடன் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவில் நுழைந்தார்கள். தம்மை விரட்டிய ஊர். தோழர்களை வதைத்த ஊர். ஒட்டகத்தின் மீது, தாடி சேணத்தைத் தொடுமளவு தலை தாழ்த்தியவர்களாக, இறைவனைப் புகழ்ந்தவாறே வந்தார்கள். மக்கள் வீடுகளில் கதவடைத்துக் கொண்டது இங்கும் நடந்தது. ஆனால் அவ்வாறு கதவடைத்தோருக்கு அபயம் என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. கஅபாவின் திறவுகோலை வாங்கித் திறந்தபின், அதனைப் பழைய காவலரான உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே திரும்ப ஒப்படைத்தார்கள். அக்குலத்தாரிடமே அத்திறவுகோல் இன்றும் இருந்து வருகிறது.