வினாவின் மெய்ம்மை



பல்கலைக்கழக மாணவர்கள் தாம் எழுதும் பரீட்சையை எப்போது மெய்யானதென்றும் அர்த்தமுள்ளதென்றும் கருதுகிறார்கள் என்பதை ஆராயக் கமுதியில் கூடியிருக்கும் இந்தச் சபைக்கு என் வந்தனம்.

1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது, பாடம் சொல்லுவது கல்லூரிகளின் வேலை, பரீட்சித்துப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை என்று இரண்டும் பிரிந்து நின்றன. 1949இல் அறிக்கை தந்த ராதாகிருஷ்ணன் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்வதானால் அது பரீட்சையைப் பற்றியதாகவே இருக்கவேண்டும் என்று கருதிற்று. அந்தச் சீர்திருத்தம் இன்னும் முற்றுப்பெறவில்லை.

காலைப் பரீட்சையில் விலை நிர்ணயத்தைப் பற்றிய வினாவுக்கு நோட்ஸில் கண்ட உதாரணத்தையே எழுதிவிட்டு வீடு திரும்பும் இந்தப் பக்கத்துப் பெண், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயைக் களத்தில் புரட்டிப் போட்டுக்கொண்டே, இன்றைக்கே விற்றுவிடுவதா, விலை ஏறும்வரை மூட்டையில் கட்டி வைப்பதா என்று தகப்பனாரோடு யோசனை செய்கிறாள். காலையில் அவள் எழுதியதற்கும் மாலையில் யோசித்ததற்கும் சம்பந்தம் உண்டென்று நாம் அவளுக்குக் காட்டியதே இல்லை.

ஆயினும், 75 மதிப்பெண்ணுக்குரிய பருவத் தேர்வை மாணவர்கள் வெறும் சடங்கென்று தள்ளிவிடுவதில்லை. திருத்துகிறவருக்கு எழுதினவன் எந்த ஊர், யார் மகன் என்பது தெரியாது. எளிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த மறைவே பெரிய ரக்ஷை. ஆசிரியர் கையில் இருக்கும் அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணைப் பற்றியோ, முகம் பார்த்துப் போடுவார்களோ என்ற ஐயம் அவன் மனத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. ஐந்து பக்கம் எழுதித் தைத்துக் கொடுத்த அசைன்மெண்ட் ஒரு திருத்தக் குறியும் இல்லாமல் திரும்பி வந்தால், அதை யாரும் படிக்கவில்லை என்பதையும் அவன் அப்போதே தெரிந்துகொள்கிறான். அடுத்த முறை ஜெராக்ஸ் கடையில் கிடைப்பதை வாங்கிவந்து கொடுக்கிறான். அவனை மட்டும் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கக் கல்வியாளர் கிராண்ட் விக்கின்ஸ் 1989இல் மெய்யான சோதனையைப் பற்றி எழுதியபோது, மெய்ம்மையையும் நியாயத்தையும் சேர்த்தே பேசினார். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மாணவனுக்கு நம்பிக்கை போய்விடும்.

விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கப்படும் வினாவுக்கு மனப்பாடம் போதும். கேட்கிறவரும் அறிய விரும்பிக் கேட்கும் வினாவுக்கே சிந்தனை வேண்டியிருக்கிறது. குண்டாற்றங்கரையில் நிற்கும் சேதுபதிகள் காலத்துக் கோட்டையின் இன்றைய நிலை என்ன, 2016இல் இங்கே அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தால் சுற்றுவட்டாரக் குடும்பங்களின் பிழைப்பு எவ்விதம் மாறியது, தன் ஊர்க் கண்மாயின் மடை யார் பொறுப்பில் இருக்கிறது என்பவற்றுக்கு எந்தக் கைடிலும் விடை இல்லை. மாணவன் போய்ப் பார்த்து, பெரியவர்களை விசாரித்து எழுதினால், வாசிக்கிற ஆசிரியரும் அதிலிருந்து புதிதாக ஒன்றை அறிந்துகொள்வார்.

அசைன்மெண்டுக்கு எந்த வினாவைக் கொடுப்பது என்பது பெரும்பாலும் நம் விருப்பமே. ஆதலால், இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள் அடுத்த பருவத்தில் ஒரு வினாவையேனும் இவ்விதம் அமைத்து, மதிப்பெண் போடும் முறையை முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லி, திருத்திய தாளைக் குறிப்போடு திருப்பித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.