கூலியும் நீதியும் இருந்தால் கட்டுப்பாடு கசக்காது
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோவிட் நோயைத் தடுக்க 2020 மார்ச் 18-இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. உயிர் காக்கும் ஆணை என்பதால் அடங்கி இருந்தோம். 2021 தைப்பூசத்தில் காவடியையும் விட்டுக்கொடுத்தோம்.

அப்படிப்பட்ட மக்களின் மனம் பின்னர் கசந்தது ஏன்? கட்டுப்பாடு கடுமையானதாலா? அன்று!

2021 மார்ச்சில் அபராதம் 1,000 வெள்ளியிலிருந்து 10,000 வெள்ளி வரை உயர்ந்தது. அன்று நகரங்களுக்கு வெளியே குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,100 வெள்ளிதான்! பெரிய இடத்தாருக்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதியா என்று மக்கள் கேட்டார்கள். அவ்வாண்டு ஜூன் இறுதியில், அடுப்பெரியாத வீடுகளில் வெள்ளைக்கொடி ஏறியது. அக்கம்பக்கத்தார்தாம் அரிசி பருப்போடு முதலில் ஓடிவந்தார்கள்.

ஆகவே தோழர்களே, மக்கள் மனம் ஒப்ப மூன்று வேண்டும். சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். காரணத்தை நமக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். அடைபட்ட நாளுக்கும் கூலி வேண்டும். மூன்றும் இருந்தால் எந்தக் கட்டுப்பாட்டையும் தாங்குவோம்.

அடுத்த நோய் நம்மிடம் சொல்லிவிட்டு வராது. வருமுன், தொற்றுக்காலக் கூலியைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதக் கோருவோம். தீர்மானத்தை ஆதரித்துக் கை உயர்த்துங்கள்!