பாதரசத்துக்குக் கணக்குக் கேட்போம்
(கார் நிக்கோபாரில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் அனல்மின் நிலையம் நடத்தவில்லை. ஆனாலும் அவர்களது உணவான சீல், வெள்ளைத் திமிங்கிலம் ஆகியவற்றின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கிறது. தொலைதூர நாடுகளில் எரியும் நிலக்கரியிலிருந்தும் தங்கச் சுரங்கங்களிலிருந்தும் எழும் பாதரச ஆவி, மாதக்கணக்கில் காற்றில் அலைந்து அங்கே படிகிறது. நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், திமிங்கிலத்துக்கும், இறுதியில் கருவிலுள்ள குழந்தைக்கும் அந்த நஞ்சு செறிந்துகொண்டே செல்கிறது.

1991இல் தொடங்கிய ஆர்க்டிக் கண்காணிப்பு மதிப்பீட்டுத் திட்டம் இதைக் கணக்கெடுத்து வருகிறது. பழங்காலப் பற்களையும் ரோமங்களையும் இன்றைய மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, 150 ஆண்டுகளில் பாதரசம் சுமார் 10 மடங்கு உயர்ந்திருப்பது தெரிந்தது. 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை, ஆர்க்டிக் பழங்குடி மக்களுக்கு நேரும் ஆபத்தைத் தன் முகவுரையிலேயே குறிப்பிடுகிறது. இந்தியா அதை 2018இல் ஏற்றது.

ஏற்றபின் நடந்தது என்ன? அனல்மின் நிலையங்களின் உமிழ்வுக்கு 2015இல் விதிகள் வந்தன. நிறைவேற்றும் கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் ஓர் உடன்பாட்டைப் பெற 2016 வரை போராட வேண்டியிருந்தது. லாபம் முதலாளிக்கு, நஞ்சு உழைப்பாளிக்கு என்பதே இந்த அமைப்பின் நியதி.

இனி நமது கடலைப் பாருங்கள். தெற்கே, கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் அமையும் பெருந்துறைமுகத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. தூர்வாரினால் அடிச்சேற்றில் உறங்கும் உலோகங்கள் கிளறப்படும். கப்பல்களின் அடிப்பூச்சிலிருந்து செம்பு கசியும். பிறகு அளந்து பார்த்து, "இது முன்பே இருந்தது" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே இன்றைய அளவு இன்றே பதிவாக வேண்டும்.

இதற்காக எந்த விலங்கையும் கொல்ல வேண்டியதில்லை. கரையொதுங்கி இறந்தவற்றின் கல்லீரலும் தோலும் பல்லும் போதும். கடற்பசு கடற்புல்லை மேய்வது. சேற்றிலும் புல்லிலும் சேரும் உலோகத்தை அதன் உடல் காட்டும். ஓங்கில் மீன் தின்பது. மீன்வழி ஏறும் பாதரசத்தை அது காட்டும்.

மீன் உண்ணாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஃபரோ தீவுகளில் திமிங்கில இறைச்சியைக் கைவிடுமாறு 2008இல் தலைமை மருத்துவர்கள் அறிவுறுத்த நேர்ந்தது. உணவை இழந்தவர்கள் தீவு மக்கள். நஞ்சை உமிழ்ந்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். அந்த நிலை இங்கே வரக்கூடாது.

எனவே கோருகிறோம்: துறைமுகப் பணிக்கு முன் அடிப்படை அளவீடு வேண்டும், அதில் பழங்குடி மன்றங்களுக்கு உரிய இடம் வேண்டும், முடிவுகள் நிக்கோபாரி மொழியிலும் தமிழிலும் இந்தியிலும் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். கணக்கு மக்கள் கையில் இருந்தால்தான் குற்றவாளியைக் கூண்டிலேற்ற முடியும்.